காட்டுத் தீயும் காவலர் கைத்தழையும்

முன்பனி கழிந்து மாசி பிறந்ததும், நீலகிரியின் வடக்கே முதுமலையும் பந்திப்பூரும் வயநாடும் ஒன்றோடொன்று எல்லை தெரியாமல் கலந்து கிடக்கும் அந்தப் பெரிய வனப் பிரதேசத்தில், தேக்கும் வேங்கையும் வெக்காலியும் இலைகளை உதிர்த்துவிட்டு நிற்க, பனியில் கருகிய புல் உலர்ந்து சாய, பூத்து மாண்ட மூங்கில் புதர்கள் விழாமலே வற்ற, எரிவதற்கு வேண்டிய சாமக்கிரியைகள் யாவும் காட்டுக்குள்ளேயே சேகரமாகிவிடுகின்றன. பொறி ஒன்றுதான் பாக்கி. மூங்கிலோடு மூங்கில் உராய்ந்து தீப்பிடிக்கிறது என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். கேட்பதற்கு அது ரம்மியமாக இருக்கிறதே தவிர, நம் நாட்டுக் காட்டுத் தீயில் ஏறக்குறைய முழுவதும் மனிதர் கையால் உண்டாவது என்பதில் வனத்துறையாருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. புதுப்புல் துளிர்க்கட்டும் என்று மாடு மேய்ப்பவர் வைப்பதுண்டு. தேன் எடுப்பவரின் பந்தம் விழுவதுண்டு. உதிர்ந்த மான்கொம்பு பொறுக்குகிறவர் தரை தெரியட்டும் என்று கொளுத்துவதுண்டு. வனக்காவலர் மீதுள்ள பகையைக் காட்டின் மீது தீர்த்துக்கொள்பவரும் உண்டு. பாதையோரம் வண்டியை நிறுத்திச் சிகரெட்டை வீசிவிட்டுப் போகும் உல்லாசப் பயணியை இந்த ஜாபிதாவில் சேர்க்காமல் விடுவது நியாயமாகாது.

இந்த இலையுதிர் காடுகளில் பற்றுவது பெரும்பாலும் தரைத் தீ. கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மரத்தின் உச்சியிலிருந்து உச்சிக்குத் தாவும் பெருந்தீயைப் படங்களில் பார்த்த நமக்கு, சருகையும் புல்லையும் தின்றுகொண்டு தரையோடு நகரும் இந்தத் தீ சாதுவானதாகத் தோன்றலாம். முதிர்ந்த மரங்கள் தடித்த பட்டையின் தயவால் தப்பிவிடுகின்றன. கன்றுகள் கருகினாலும் பல வேரிலிருந்து மறுபடி துளிர்க்கின்றன. ஆனால் அதன் வேகம் எப்போது மாறும் என்பதைச் சருகின் ஈரமும் காற்றும் மலையின் சரிவும் நிர்ணயிக்கின்றன. சருகில் ஈரம் மிகுந்திருக்கும்போது தயங்கித் தயங்கிச் செல்லும் தீ, பங்குனி மாதத்து நண்பகலில் அவ்வீரம் வற்றிய பின் தயங்குவதில்லை. சரிவிலோ, ஜுவாலை மேட்டை நோக்கிச் சாய்ந்து, தான் இன்னும் தொடாத புல்லை முன்கூட்டியே உஷ்ணப்படுத்தி உலர்த்திவிடுகிறபடியால், ஒவ்வொரு 10 பாகைச் சரிவுக்கும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கணக்கு. பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும் காற்றும் அதற்குத் துணை செய்கிறது.

இந்தக் கணக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதைத் தேனி மாவட்டத்துக் குரங்கணி காட்டிற்று. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரை உலர்ந்த புற்சரிவில் தீ வளைத்துக்கொண்டபோது, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடர்ந்த காடு அபாயமானது, வெட்டவெளிப் புல் பத்திரமானது என்று எண்ணுவது சமவெளிக்காரரின் சுபாவம். மலையில் நிலைமை நேர்மாறு. தீயை ஓட்டத்தில் வெல்வதாக எண்ணி மேட்டை நோக்கி ஓடுவதைப் போல விபரீதம் வேறில்லை. ஏற்கெனவே எரிந்து கறுத்த தரைதான் அங்கே அடைக்கலம்.

தீயணைப்பு என்றதும் பத்திரிகைகளில் வெளியாகும் படம், வாளி தொங்கும் ஹெலிகாப்டர். 2024 மார்ச்சில் குன்னூர் வனப் பகுதி எரிந்தபோது விமானப் படையின் எம்.ஐ.-17 வகை ஹெலிகாப்டர் வந்து நீரைக் கொட்டியது. 2019-ல் பந்திப்பூர் எரிந்தபோதும் அவ்விதமே செய்தனர். மனிதர் ஏற முடியாத பாறைச் சரிவுகளில் இது பெரிய உபகாரம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மேலிருந்து விழும் நீர் தீயின் ஆவேசத்தைத் தணிக்குமேயன்றி, விழுந்து கிடக்கும் மரத்தின் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கங்கை அணைக்காது. காண்டவ வனம் எரிந்தபோது இந்திரன் பெய்வித்த மழையே பயன்படாமற் போயிற்று. அங்கே குறுக்கே நின்றவை அர்ச்சுனன் அம்புகள், இங்கே குறுக்கே நிற்பவை மரத்தின் தழையும் தூரமும்.

மெய்யான யுத்தம் தரையில், பச்சைத் தழைக் கொத்தாலேயே நடக்கிறது. இருளரும் குறும்பரும் காட்டு நாயக்கரும் பெரும்பங்கு வகிக்கும் தீத்தடுப்புக் காவலர்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் வரிசையாக நின்று தீயின் விளிம்பை அடித்து அணைத்துக்கொண்டே முன்னேறுவார்கள். பின்னால் வருபவர்கள் சருகை வாரி ஒதுக்கித் தரையை வெறுமையாக்குவார்கள். இப்போது சருகை ஊதித் தள்ளும் ஏர் ப்ளோயர் வந்து சிரமத்தைச் சிறிது குறைத்திருக்கிறது. அடித்து அடங்காத தீக்கு எதிர்த்தீ வைப்பதுண்டு: தீ வரும் வழியில் ஒரு பாதையையோ ஓடையையோ ஆதாரமாகக் கொண்டு, தீயை நோக்கிய அதன் விளிம்பிலிருந்து காவலரே தீ மூட்டி, வரும் தீக்கு உண்ண ஒன்றுமில்லாமல் செய்துவிடுவது. பெருந்தீ தன்னைச் சுற்றியுள்ள காற்றைத் தன்பக்கம் இழுக்கும் கணத்தைக் கணித்து மூட்டினால் எதிர்த்தீ அதை நோக்கி ஓடும். அவசரப்பட்டால் மூட்டியவர் மீதே திரும்பும். காற்றடங்கி ஈரம் ஏறும் இரவிலும் விடியலிலும்தான் இந்த வேலை சாத்தியமாகிறது. அதே இருட்டில்தான் யானையும் நடமாடுகிறது. 2017 பிப்ரவரியில் பந்திப்பூரில் தீயணைக்கச் சென்ற வனக்காவலர் ஒருவரும், 2020 பிப்ரவரியில் கேரளத்துத் திருச்சூர் மாவட்டத்தில் மூன்று காவலர்களும் தீயில் சிக்கியே மாண்டனர்.

தீ எங்கே எரிகிறது என்று அறிவிக்க இன்று வானத்திலும் கண்கள் உண்டு. டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம், செயற்கைக்கோள்கள் காணும் வெப்பப் புள்ளிகளைக் குறுஞ்செய்தியாக வனச்சரகருக்கு அனுப்புகிறது. இதற்குப் பயன்படும் விர்ஸ் என்னும் கருவியின் பார்வையில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர்ச் சதுரம். அக்கருவியைத் தாங்கிய கோள் ஒரு பிரதேசத்தைப் பிற்பகலில் ஒருமுறையும் பின்னிரவில் ஒருமுறையும் கடக்கிறபடியால், இடைப்பட்ட நேரத்தில் மூண்டு அவியும் சிறு தீ அதன் கண்ணில் படாமலே போகக்கூடும். குன்றின் மேல் நின்று புகையைத் தேடும் காவலரின் உத்தியோகம் ஆகையால் இன்னும் பறிபோகவில்லை.

எல்லாத் தீயையும் அணைத்தே தீரவேண்டுமா என்ற கேள்வி ஒன்று உண்டு. அது நாம் நினைப்பதைவிடப் பழையது. சென்னை ராஜதானியில் 1856-ல் கிளெகார்ன் முதல் வனப் பாதுகாவலராக நியமனம் பெற்றதற்குப் பிற்பாடு, 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் ஒதுக்கப்பட்ட காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கிற்று. ஆனால் பர்மாவில் தேக்குக் காடுகளைத் தீயின்றிக் காத்துவந்த அதிகாரிகளில் ஒருவரான ஸ்லேட் என்பவர், தீயைத் தடுத்த இடங்களில் நிழல் அடர்ந்து தேக்கு நாற்றுகள் முளைக்காமற் போவதைக் கண்டு, இவ்வளவு பாதுகாப்பு தகாது என்று 1896-லேயே எழுதினார். பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர், கோடையின் தொடக்கத்திலேயே, சருகு மெல்லியதாக இருக்கும்போது, இளந்தீ வைத்துக் காட்டைத் துப்புரவாக்கும் வழக்கமுடையவர்களாக இருந்தார்கள். 1974-ல் அம்மலை சரணாலயமாகி அவ்வழக்கம் நின்ற பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடிற்று, நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறிற்று என்பது அவர்கள் சாட்சியம். உண்ணிச்செடி பரவிய காட்டில் தீ பற்றினால் அது தரையோடு நிற்பதில்லை. அச்செடியையே ஏணியாகக் கொண்டு கிளைகளுக்கு ஏறிவிடுகிறது.

இதைக் கொண்டு எரியட்டும் என்று கைகட்டி நிற்கலாமா என்றால், அதுவும் ஆகாது. முதுமலையில் 1909 முதல் 1921 வரை சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை எரிந்த நிலம், 1989 முதல் 2002 வரையிலான காலத்தில் மூன்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியிலேயே எரிந்திருப்பதாக ஆராய்ச்சி கூறுகிறது; வேரிலிருந்து துளிர்த்த கன்று தலைதூக்கும் முன்பே மீண்டும் கருகினால், முதிர்ந்த மரங்கள் விழுந்தபின் அவ்விடத்தை நிரப்ப வாரிசு இராது. உயர்ந்த மலைமடிப்புகளில் எஞ்சியுள்ள சோலைகளோ ஒரு தீயைக்கூடத் தாங்கா. ஆகவே எவ்விடத்தில் இளந்தீ வைக்கலாம், எவ்விடத்தில் ஒரு பொறியும் கூடாது என்பதைச் சரகந்தோறும் தீர்மானிக்கவேண்டியிருக்கிறது. அதைத் தீர்மானிக்கும்போது சோளகரையும் குறும்பரையும் கூலிக்கு மட்டும் அழைக்காமல் யோசனைக்கும் அழைப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

வனத்துறையே தீத்தடுப்புக் கோடுகளைத் தீ வைத்துத்தான் அமைக்கிறது. முதுமலை வழியே செல்லும் மைசூர்ச் சாலையின் இருமருங்கும் புல்லை அறுத்துக் கட்டுப்பாட்டில் எரித்துக் கறுப்பாக்குவது ஆண்டுதோறும் நடப்பது. இது பனியின் ஈரம் விலகாத மார்கழி, தை மாதங்களில் முடியவேண்டிய காரியம். பணம் தாமதித்து மாசியில் தொடங்கினாலோ, கோடு போட வைத்த தீயே காட்டுத் தீயாகிவிடும். கோடு போடும் கைகளே அதை அடித்து அணைக்கவும் ஓடவேண்டியிருக்கும்.