சீட்டு மாறிக் கிடந்த வௌவால்

அந்தி மயங்கும் வேளையில் ஹைதராபாத்தின் முதிய மரங்களை விட்டு வௌவால்கள் கிளம்புவதைக் கண்டு முகஞ்சுளிப்போர் நம்மில் உண்டு. ஆயினும், இந்தப் பழந்தின்னிக் குலத்திலேயே ஓர் அரிய உயிர் நம் தாயகத்து மலைகளில் வாழ்கின்றது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1948-ஆம் ஆண்டு. அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மேகமலையில், தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிந்த ஆங்கஸ் ஹட்டன் என்னும் ஆங்கிலேயர், காப்பித் தோட்டம் ஒன்றில் ஒரு வௌவாலைப் பிடித்தார். அதன் பாடம் செய்த உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்தது. அங்கே அதைச் சாதாரணக் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று கருதிச் சீட்டுக் கட்டி வைத்துவிட்டனர். தவறான சீட்டு ஒட்டப்பட்ட பார்சல் எந்த ஊருக்கும் போய்ச் சேராது கிடங்கிலேயே கிடப்பது போல, அவ்வுயிரும் இருபத்து நான்கு ஆண்டுகள் இழுப்பறைக்குள் கிடந்தது.

1972-இல் தாய்லாந்து நாட்டு அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதை ஆராய்ந்து, சீட்டு பிழையென்று காட்டினார். குறுமூக்கு வௌவாலுக்குச் சிறு வால் உண்டு. இதற்கு வெளியே தெரியும் வால் இல்லை. அதன் முன்வெட்டுப் பற்கள் மேலும் கீழும் இரண்டிரண்டு இணை. இதற்கோ ஒவ்வோர் இணையே. ஆகவே இது புதிய இனம் மட்டுமன்று, புதிய பேரினமுமாகும் என்று அவர் நிறுவினார். பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். அப்பெயர் இந்நகரத்தார்க்கு அயலானதன்று. 1931-32-இல் நிஜாம் அரசின் எல்லைக்குள் பறவைகளைக் கணக்கெடுத்தவர் அவரே.

பெயர் கிடைத்த பின்னரும் உயிருள்ள வௌவாலை எவரும் காணவில்லை. 1993-இல்தான் மேகமலையில் அது மீண்டும் அகப்பட்டது. பின்னர்க் களக்காடு-முண்டந்துறை, பெரியாறு முதலிய இடங்களிலும் அறியப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இவ்வினம் காணப்பட்டதில்லை.

அதற்கு வேண்டுவன இரண்டு: பகலில் ஒடுங்க இருண்ட குகை, இரவில் உண்ண அத்தி இனக் கனிகளும் பிற காட்டுக் கனிகளும் தரும் பசுமை மாறாக் காடு. உண்ட கனிகளின் விதைகளைத் தொலைவில் உதிர்த்துப் பழந்தின்னி வௌவால்கள் காட்டை வளர்க்கின்றன. காடு அவற்றை ஊட்ட, அவை காட்டை விதைக்கின்றன. ஆனால் தேயிலை, காப்பி, ஏலம் ஆகியவற்றின் பொருட்டு அக்காடுகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. குகையும் காடும் அருகருகே இல்லாவிடில் இவ்வினம் எங்கே செல்லும்?

சட்டமும் விந்தையானது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைக் காகத்தோடும் எலியோடும் சேர்த்துத் தீங்குயிர் என்று வைத்திருந்தது. அக்குலத்தில் இவ்வொன்றிற்கு மட்டும் பிற்காலத்தில் முதல் அட்டவணையில் உயர்ந்த பாதுகாப்பு அளிக்கப்பட்டது. தீங்குயிர்ப் பட்டியலையே 2022-இன் திருத்தம் நீக்கிவிட்டது. 2021-இல் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்ததும் நன்மையே.

தீபாவளியன்று ஆலமரத்து வௌவால்கள் அஞ்சிப் பறக்குமே என்று வெடி வெடிக்காதிருக்கும் சிற்றூர்கள் தமிழ்நாட்டில் உண்டு. சட்டம் வருமுன்னரே அம்மக்கள் கற்ற பாடம் அது. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் தேனிப் பக்கம் போக நேர்ந்தால், முகில் தவழும் அம்மலையைத் தம் மக்களுக்குக் காட்டி, இவ்வௌவாலின் கதையையும் சொல்வார்களாக. அறியாமையால் இருபத்து நான்கு ஆண்டுகள் அதைப் பெயரின்றி வைத்திருந்தோம்; அறிந்த பின்னும் அதை இழப்போமாயின், அப்பழி நம்மையே சாரும்.