ஊரும் உடைமையும் – 9: வளைவுகள் அறியாத அட்டவணை

தெற்கே தொப்பூர்க் கணவாயின் நெடிய இறக்கமும், தென்மேற்கே பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டுப்பாதையின் வளைவுகளும், மாரண்டஅள்ளிப் பக்கத்தில் யானைகள் வயலைத் தேடிவரும் இரவுகளும் சூழ்ந்த பாலக்கோட்டில் கார் வைத்திருப்பவர், சமவெளி நகரவாசியைக் காட்டிலும் அதிக இன்ஷூரன்ஸ் கட்ட நேரும் என்று எண்ணுவது இயல்பே. விஷயமோ நேர்மாறாக இருக்கிறது.

2002ஆம் ஆண்டின் மோட்டார் கட்டண அட்டவணை, சென்னை, பெங்களூர் உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்களை ‘ஏ’ மண்டலம் என்றும், தேசத்தின் மற்றப் பகுதி முழுவதையும் ‘பி’ மண்டலம் என்றும் வகுத்தது. வண்டி எந்தச் சாலையில் ஓடுகிறது என்பதையல்ல, எந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது என்பதையே அது கேட்டது. ஆறு லட்ச ரூபாய் மதிப்புள்ள, ஐந்து வயதைத் தாண்டாத, 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான காருக்கு, அதன் சொந்தச் சேதத்துக்கான கட்டணம் மட்டும் அந்த அட்டவணைப்படி பெங்களூரில் 19,698 ரூபாயும் தருமபுரியில் 19,146 ரூபாயும் ஆகும். வித்தியாசம் 552 ரூபாய். 2007 ஜனவரி முதல் சொந்தச் சேதத்துக்கான கட்டணத்தைக் கம்பெனிகளே நிர்ணயிக்கலாம் என்றான பின்னரும், மண்டலப் பிரிவினை மறையவில்லை. ஆகையால் பெங்களூரில் பழைய கார் வாங்கிக் ‘கேஏ’ நம்பரிலேயே இங்கு ஓட்டுகிறவர்கள், பன்னிரண்டு மாதத்துக்குமேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற சட்டத்தை நிறைவேற்றுவதோடு, கம்பெனிக்கும் அதைத் தெரிவிப்பது அவசியம்.

‘தேர்டு பார்ட்டி’ கட்டணத்திலோ இந்தச் சிறு பேதமும் இல்லை. 2022 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த விகிதப்படி, 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாயும், அதற்குமேல் 1,500 வரை 3,416 ரூபாயும், மலையூரானாலும் மாநகரமானாலும் ஒன்றுதான். தொப்பூரில் அடிபட்டவனுக்கும் அண்ணா சாலையில் அடிபட்டவனுக்கும் நஷ்டஈட்டு உரிமை சமமென்கையில், அதற்கான கட்டணமும் எங்கும் சமமாயிருப்பது முற்றிலும் நியாயமானதே.

அப்படியானால் மலைப்பாதையின் அபாயம் எங்கே கணக்கில் ஏறுகிறது? ‘நோ க்ளைம் போனஸ்’ என்னும் சலுகையில் ஏறுகிறது. க்ளைம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்தாம் வருஷ முடிவில் 50 சதவீதத்தை எட்டும் இச்சலுகை, ஒரே க்ளைமில் பூஜ்யமாகிவிடும். சொந்தச் சேதக் கட்டணம் 10,000 ரூபாய் என்றும், அது மாறாமல் நீடிக்கிறதென்றும் கொண்டால், 50 சதவீதத்திலிருந்து விழுந்தவர் பழைய நிலைக்குத் திரும்புமுன் 12,500 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பார். ஒகேனக்கல் வளைவில் தடுப்புச்சுவர் உராய்ந்த கதவுக்கு டிங்கரிங்கும் பெயிண்டும் 5,000 ரூபாய் என்றால், கட்டாயக் கழிவு 1,000 போகக் கிடைப்பது அதிகபட்சம் 4,000. அதைக் கைக்காசில் செய்துகொள்வதே விவேகம்.

டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடும் வழக்கம், தொப்பூரில் எத்தனையோ உயிர்களைப் பறித்த காரணங்களுள் ஒன்று. அட்டவணை வளைவுகளை அறியாது. ஆகவே அவற்றை அறிந்திருக்கும் பொறுப்பு முழுவதும் ஓட்டுகிறவரையே சார்கிறது. எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்கும் பழக்கம் ஒன்றே, உயிரையும் காத்துப் பிரீமியத்தையும் குறைக்கும்.

தக்காளி மூட்டைகளோடு கூலியாட்களையும் ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டிக்கு விபத்து நேர்ந்தால் பாலிஸி யாருக்குக் கைகொடுக்கும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)