பழைய மியூசிக் சிஸ்டத்தை எடைக்குப் போடப் போறீங்களா? அதிலேயே ஸ்ட்ரீமிங் பாட்டு கேட்கலாம்!

தொண்ணூறுகளில் ஆசை ஆசையாக வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் இன்னும் பல வீடுகளின் ஹாலில் இருக்கின்றன. மேலே ஒரு துணி விரிப்பு, அதன்மேல் ஒரு பூ ஜாடி. கேசட் போய், சிடியும் போன பிறகு அவற்றுக்கு வேறு வேலை இல்லை. பாட்டெல்லாம் போனுக்கு வந்துவிட்டது. கேட்பதோ உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கரில். வீடு மாறும்போதும் பெயின்ட் அடிக்கும்போதும் ‘இதை எடைக்குப் போட்டுடலாமா?’ என்ற கேள்வி தவறாமல் வரும்.

கொஞ்சம் பொறுங்க. ஆம்ப்ளிஃபயர் செய்வது ஒரே வேலைதான். தனக்கு வரும் சின்ன மின் சிக்னலைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். அந்த சிக்னல் கேசட்டிலிருந்து வருகிறதா, ஸ்பாட்டிஃபையிலிருந்து வருகிறதா என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. போனில் உள்ள பாட்டை அதன் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

முதலில் பின்பக்கம் பாருங்க

செட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை வளையத்தோடு ஜோடி ஜோடியாக இருப்பவை ஆர்சிஏ சாக்கெட்டுகள். அவற்றின் மேல் ஆக்ஸ், சிடி, டேப் இன், டியூனர் என்று எழுதியிருக்கும். பெயர்தான் வேறு, இந்த நான்கும் ஏற்பது ஏறக்குறைய ஒரே அளவு சிக்னலைத்தான். காலியாக இருக்கும் எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். டேப் அவுட் என்றிருப்பதில் மட்டும் மாட்டினால் சத்தம் வராது. அது சிக்னல் வெளியே போகும் வழி.

போனோ என்று எழுதியிருந்தால் அதைத் தொடாதீர்கள். அது இசைத்தட்டு பிளேயருக்கானது. இசைத்தட்டின் ஊசி தருவது சில மில்லிவோல்ட்தான் என்பதால், அந்த வாசலில் சிக்னலைப் பலமடங்கு கூட்டும் கூடுதல் சர்க்யூட் இருக்கும். அதில் ஸ்ட்ரீமரை மாட்டினால் பாட்டு கரகரத்து அலறும்.

பழைய பிலிப்ஸ் போன்ற ஐரோப்பிய செட்டுகளில் ஆர்சிஏவுக்குப் பதில் ஐந்து துளைகள் கொண்ட வட்டமான டின் சாக்கெட் இருக்கலாம். கவலை வேண்டாம். டின்னிலிருந்து ஆர்சிஏவுக்கு மாற்றும் கேபிள் இன்றும் கிடைக்கிறது.

மூன்று வழிகள்

ஒன்று, கேபிள். ஒரு முனையில் ஹெட்போன் பின்னும் மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ பின்களும் உள்ள ஒயர், சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை. போனில் ஹெட்போன் ஓட்டை இல்லையென்றால் டைப்-சி அடாப்டர் ஒன்று வேண்டும். உள்ளே டிஏசி சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். டிஜிட்டல் எண்களை மின் சிக்னலாக மாற்றுவது அந்தச் சிப்தான். தரத்தில் இந்த வழிக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் போன் செட்டோடு கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

இரண்டு, புளூடூத் ரிசீவர். தீப்பெட்டி அளவுள்ள கருவி. இதுவும் மலிவுதான். ஆம்ப்ளிஃபயரில் மாட்டிவிட்டு சோபாவில் உட்கார்ந்தபடி பாட்டு போடலாம். சிக்கல் என்னவென்றால், ஆப் ஏற்கெனவே சுருக்கி அனுப்பிய பாட்டை, போன் இன்னொரு முறை சுருக்கித்தான் புளூடூத்தில் அனுப்பும். போன் அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும். வாட்ஸ்அப் ‘டிங்’ சத்தம் ஹால் முழுக்க ஒலிக்கும்.

மூன்று, வைஃபை ஸ்ட்ரீமர். விலை சில ஆயிரங்களுக்கு மேல் போகும். ஆனால் இது வேலை செய்யும் விதமே வேறு. போன் இங்கே வெறும் ரிமோட். ஸ்பாட்டிஃபை கனெக்ட், கூகுள் காஸ்ட் போன்ற வசதிகளில், எந்தப் பாட்டு என்று நீங்கள் சொன்னதும் ஸ்ட்ரீமரே இணையத்திலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளும். போனில் பேசலாம், வெளியே கிளம்பிப் போகலாம், வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் பயன்படுத்தும் ஆப் அந்தக் கருவியில் வேலை செய்யுமா என்பதை மட்டும் வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். கைவேலையில் ஆர்வம் உள்ளவர்கள் ராஸ்பெர்ரி பை போர்டில் வோலூமியோ போன்ற மென்பொருளை ஏற்றி, தாங்களே ஒரு ஸ்ட்ரீமரைச் செய்துகொள்ளலாம்.

தரம் எவ்வளவு குறையும்?

ஒரு சிடியில் பாட்டு நொடிக்கு 1,411 கிலோபிட் வேகத்தில் ஓடும். ஸ்ட்ரீமிங் ஆப்களில் பரவலாகக் கிடைக்கும் உயர் தரம் 320 கிலோபிட். எண்ணில் பெரிய வித்தியாசம், ஆனால் சாதாரண ஹாலில் பலரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆப்பிள் மியூசிக்கில் சிடி தரம் 2021 முதல் கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

பலர் கவனிக்காத விஷயம் ஆப்பின் செட்டிங்ஸ். அங்கே தரம் ‘ஆட்டோ’ அல்லது ‘நார்மல்’ என்று இருந்தால், போனிலிருந்து வரும் பாட்டின் தரம் குறையலாம். ‘ஹை’ என மாற்றுங்கள். போனில் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஆம்ப்ளிஃபயர் திருகில் செய்யுங்கள். முதல் முறை போடும்போது மட்டும் அந்தத் திருகு பூஜ்யத்தில் இருக்கட்டும்.

எது பழசாகும், எது ஆகாது?

புதிதாக ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கரே வாங்கிவிடலாமே என்று தோன்றலாம். இங்கேதான் யோசிக்க வேண்டும். பழைய செட்டுகளில் வைஃபை வசதியைச் சேர்ப்பதற்கென்றே கூகுள் 2015-ல் குரோம்காஸ்ட் ஆடியோ என்ற குட்டிக் கருவியைக் கொண்டுவந்தது. 2019-ல் அதன் தயாரிப்பை நிறுத்தியது. 2025 மார்ச்சில் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால், அந்தக் கருவிகள் பல நாடுகளில் ஒரே நேரத்தில் முடங்கின. கூகுள் அப்டேட் அனுப்பிய பிறகே மீண்டும் ஓடின. லாஜிடெக் நிறுவனத்தின் ஸ்க்வீஸ்பாக்ஸ் ஸ்ட்ரீமர்களுக்கு உதவிய இணைய சேவை 2024-ல் மூடப்பட்டது. இந்தியாவில் ரெஸ்ஸோ ஆப்பும் விங்க் மியூசிக்கும் அதே ஆண்டில் விடைபெற்றன.

ஆக, இணையத்தோடு பேசும் பகுதிக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கரின் ஆயுள் பல பத்தாண்டுகள். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால், சின்னப் பெட்டி செத்துப்போனாலும் அதை மட்டும் மாற்றினால் போதும். எல்லாம் ஒன்றாக உள்ள கருவியில் அந்த வசதி கிடையாது. ஒருவேளை புதிதாக வாங்கினாலும் ஆக்ஸ் சாக்கெட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆன் செய்யும் முன்

பல ஆண்டுகள் சும்மா கிடந்த செட்டை நேராக பிளக்கில் மாட்ட வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது. அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த செட் என்றால் வோல்டேஜைக் கட்டாயம் பாருங்கள். அங்கே 100, 120 வோல்ட், இங்கே 230. மாற்றும் சுவிட்ச் பின்பக்கத்தில் இல்லையென்றால் தனியாக டிரான்ஸ்ஃபார்மர் தேவை.

வால்யூம் திருகும்போது கரகரவென்று சத்தம் வந்தால், பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயிலேயே சரியாகிவிடும். ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் தொட்டாலே உதிர்ந்தால், அதை மட்டும் மாற்றலாம், மொத்த ஸ்பீக்கரையும் மாற்ற வேண்டியதில்லை. ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் தொடர்ந்தால் வேறு சார்ஜரில் போட்டுப் பாருங்கள். அதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எடுத்துவிடாதீர்கள்; ஆபத்து. மேலே கிடக்கும் துணி விரிப்பையும் எடுத்துவிடுங்கள். சூடு வெளியேற ஆம்ப்ளிஃபயருக்குக் காற்று வேண்டும்.

எதில் தொடங்குவது என்று குழப்பமா? முதலில் கேபிள் மட்டும் வாங்குங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் பாட்டு சுத்தமாகக் கேட்டால், ஒரு வாரம் அப்படியே ஓட்டிப் பாருங்கள். தினமும் கேட்கத் தோன்றினால் ஸ்ட்ரீமருக்குச் செலவு செய்யலாம். தோன்றவில்லை என்றால் போனது சில நூறு ரூபாய்தான். செட்டை எடைக்குப் போடுவதா என்று அதன் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.