மூட்டையோடு போன பினாஃபோர்

பள்ளி திறந்த வாரத்தில் வகுப்புக்கு வராத பிள்ளையைத் தேடிக்கொண்டு லயத்துப் பக்கம் போவது, தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பழகிப்போன வேலை. 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் நானும் ஒருநாள் மாலை அப்படிப் போனேன். இரண்டாம் ஆண்டில் உட்கார வேண்டிய ஒரு பெண்பிள்ளை மூன்று நாளாக வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

பிள்ளை வாசலில் நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் உள்ளே ஓடி ஒளிந்துகொண்டாள். தாய்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சட்டை பத்தலைங்க டீச்சர். முன்ன எடுத்தது முட்டிக்கு மேல நிக்கிது. ஜிப்பும் ஏற மாட்டேங்கிது. சம்பளம் போட்டதும் எடுத்துக் குடுத்து அனுப்பிடுறேன்." சம்பள நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

திரும்பும் வழியில் எதிர் லயத்து வீட்டில் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார்கள். பேச்சுவாக்கில் அந்த வீட்டம்மா ஒன்று சொன்னார். சனிக்கிழமை வீட்டைச் சுத்தம் செய்து, 'பேப்பர் லாமா' லோரி வந்தபோது பழைய துணி ஒரு மூட்டை போட்டாராம். ஒன்பது கிலோ. கிலோவுக்கு 40 காசு. மூன்று வெள்ளி அறுபது காசு கிடைத்திருக்கிறது. மூட்டையில் என்னென்ன இருந்தன என்று கேட்டேன். "எல்லாம் பிள்ளைங்க உடுப்புதான். மூத்தவ பினாஃபோர் ரெண்டு, வெள்ளைச் சட்டை மூணு, தீபாவளிப் பாவாடை... ரெண்டு வருசமா ஸ்கூலு எங்க டீச்சர் ஒழுங்கா நடந்துச்சி? புதுசு மாதிரிதான் இருந்துச்சி. ஆனா பிள்ளைக்கிப் பத்தலையே!"

அந்தத் தாய் சொன்னதில் பொய்யில்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதற்குப் பிறகு பள்ளி திறப்பதும் மூடுவதுமாக இரண்டு ஆண்டு ஓடியது. சட்டை கொடியில் தொங்கியது. பிள்ளை மட்டும் வளர்ந்தாள். ஒரு வீட்டில் நல்ல சீருடை மூட்டையாகக் கட்டி லோரியில் ஏறுகிறது. அறுபது எட்டு தள்ளி இன்னொரு வீட்டில் சீருடை இல்லாமல் பிள்ளை பள்ளிக்கு வராமல் நிற்கிறாள். இரண்டு தாய்மாரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள்! ஒருவர் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை; மற்றவர் விற்கிறேன் என்று சொல்லவில்லை. பழைய துணியைப் பற்றிப் பேசுவது நம்மிடையே அவ்வளவு வெட்கமான காரியமாகிவிட்டது.

அன்று இரவு நான் என் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள். பிறருக்குச் சொல்வதற்கு முன்னால் நானே முயன்று பார்க்க வேண்டும் அல்லவா? அவர்களுக்குச் சின்னதாகிப்போன உடுப்புகளை இரண்டு பையில் போட்டுக்கொண்டு, விடுமுறை நாளில் பட்டணத்துக்குப் புறப்பட்டேன்.

முதலில் போனது பண்டல் கடைக்கு. கடைக்காரர் ஒரு மலாய் இளைஞர். "சிக்கு" என்று மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. காரணத்தை அவரே விளக்கினார். பண்டல் கடைக்குச் சரக்கு நம் வீடுகளிலிருந்து வருவதில்லை. ஜப்பான், கொரியா போன்ற நாடுகளில் சேர்த்த பழந்துணி, இறுக்கிக் கட்டிய பெரிய கட்டுகளாகக் கப்பலில் வந்து இறங்குகிறது. கடைக்காரர் கட்டுக்கு இவ்வளவு என்று விலை கொடுத்து எடுக்கிறார். பிரித்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது நல்லதா, கழிவா என்று தெரியும். எடைக்கு வாங்கிப் பழகியவருக்கு என் இருபது முப்பது சட்டைகள் எதற்கு? 'பண்டல் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, அங்கேயே நம்முடையதையும் விற்கலாம்' என்று எண்ணுகிற தாய்மார்கள் இதைத் தெரிந்துகொண்டால் பஸ் காசாவது மிஞ்சும். லோரிக்காரர் கதையும் ஏறக்குறைய இதுதான். அவருக்குப் பினாஃபோரும் கிழிந்த துண்டும் ஒன்றே. அவர் துணியை வாங்கவில்லை, எடையை வாங்குகிறார்.

இரண்டாவதாகப் போனது வேறு வகைக் கடை. கடை வீட்டு மாடியில், 'ப்ரீலவ்ட்' என்று பலகை போட்டு, பிள்ளைகள் உடுப்பு மட்டும் விற்கிறார்கள். அந்த அம்மாள் என் பையிலிருந்த 31 உடுப்பையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்கோ மாணவியின் நோட்டுப் புத்தகத்தை நான் திருத்துவது நினைவுக்கு வந்தது, நெஞ்சு படபடத்தது. ஒன்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். விற்ற பிறகு பாதி விலை எனக்கு, பாதி அவருக்கு என்பது பேச்சு. இரண்டு மாதம் கழித்து 47 வெள்ளி கொடுத்தார். அறுபது எழுபது கிடைக்கும் என்று எண்ணியிருந்த எனக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் ஒன்பதே உடுப்புக்கு அந்தப் பணம். அவற்றையே எடைக்குப் போட்டிருந்தால் ஒரு வெள்ளி தேறியிருக்குமா என்பது சந்தேகம்.

அவர் எதை எடுத்தார், எதைத் தள்ளினார் என்பதை வீட்டுக்கு வந்து எழுதி வைத்துக்கொண்டேன். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் ஒரு தரம் உடுத்திய பாவாடை சட்டை, ஜிப்பா, ஜரிகைக் கவுன் எல்லாவற்றையும் எடுத்தார். கைக்குழந்தை உடுப்பில் பால் கறை இல்லாததை எடுத்தார். கழுத்துப்பட்டி மஞ்சளித்தது, அக்குளில் கறை ஏறியது, முட்டியில் தேய்ந்தது, இழுத்தால் 'கர்' என்று ஒலித்துத் திரும்பி வராத ரப்பர் நாடா உள்ளது எல்லாம் தள்ளுபடி. பூச்சி உருண்டை வாசம் அடித்ததையும் ஒதுக்கினார்.

அந்த ரப்பர் நாடாவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டுப் புழுக்கத்தில் அலமாரிக்குள் இரண்டு ஆண்டு கிடந்தால் நாடா பசையாகிப்போகும். வெள்ளைத் துணியில் பூஞ்சணம் புள்ளி வைக்கும். 'அடுத்த பிள்ளைக்கு ஆகும்' என்று நாம் கட்டி வைக்கிறோம். அடுத்த பிள்ளை அந்த உயரத்துக்கு வரும்போது உடுப்பு உயிரை விட்டிருக்கும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே பத்தாமல் போன மாதத்திலேயே துவைத்து, வெயிலில் உலர்த்தி, கைமாற்றிவிடுவதே நல்லது. விலை இருக்கிற காலம் அதுதான். பொத்தான் போயிருந்தால் ஒன்று வைத்துத் தையுங்கள். கழுத்துப்பட்டியில் கட்டிச் சவர்க்காரத்தை நன்றாகத் தடவி, அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் மஞ்சள் பெரும்பாலும் போய்விடும். கண்ணேறு பார்க்கிற பாட்டிமார் வீட்டில் இருந்தால் கடைசித் தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். துணிக்கும் கெடுதலில்லை, பாட்டிக்கும் நிம்மதி.

சேர்த்து வைப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு தாய், மூத்த மகனின் வெள்ளைச் சப்பாத்து மூன்று சோடியைத் தம்பிகளுக்கென்று மாவு பூசிப் பத்திரமாக வைத்திருந்தார். 2018-இல் கல்வியமைச்சு கறுப்புச் சப்பாத்துக்கு மாறுவதாக அறிவித்தது. 2019-இல் மாற்றம் தொடங்கிவிட்டது. மூன்று சோடியும் கோழிக் கூண்டுக்கு மேல் கிடந்தன!

சரி, கடைக்காரம்மாள் தள்ளிய 22 உடுப்பு என்ன ஆயிற்று? அவற்றில் ஏழு பள்ளிச் சீருடை. எந்தக் குறையும் இல்லாதவை. "சீருடையை யாரும் என்னிடம் தேடி வருவதில்லை" என்றார் அவர். தேடுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியுமே!

மறுநாளே வகுப்பறை மூலையில் ஒரு பெட்டி வைத்து, 'வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், இலவசம்' என்று எழுதினேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போனேன். அடுத்த வாரம் ஒரு பையன் அந்தக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். "ஏய், அது எங்க அண்ணன் சிலுவாருடா! இங்க பாரு, எங்கம்மா தச்ச தையல்!" என்று இன்னொருவன் கத்தினான். வகுப்பே சிரித்தது. அந்தப் பையன் அன்று முழுவதும் நாற்காலியை விட்டு எழவில்லை. ஓய்வு நேரத்தில் சாப்பிடவும் போகவில்லை. மாலையில் அவன் தாய் அந்தக் கால்சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "வேணாங்க டீச்சர்" என்றதற்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இருபது ஆண்டு பாடம் நடத்தியவளுக்கு இந்தச் சின்ன விஷயம் புரியாமல் போயிற்றே!

பழந்துணி என்றால் இழிவு என்ற எண்ணம் நம்மிடம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. பிறந்த பிள்ளைக்கு முதன்முதலில் புதுத்துணி போடாமல், நன்றாக வளர்ந்த பிள்ளையின் பழைய சட்டையைக் கேட்டு வாங்கிப் போடுகிற வழக்கம் நம்மவரிடம் இன்றும் உண்டு. ஜப்பான்காரன் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் துணி கிடைக்காமல் கோணிச் சாக்கை வெட்டிக் கட்டிய கதையை எங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பாட்டியின் பேரப்பிள்ளைகளான நமக்கு அடுத்த வீட்டுச் சட்டை ஆகாது; கப்பலில் வந்த ஜப்பான் பிள்ளையின் சட்டை மட்டும் ஆகும்! அதற்குக் காரணம் இருக்கத்தான் செய்கிறது. ஜப்பான் பிள்ளை நம் வகுப்பில் உட்கார்ந்து, 'அது என்னுடையது' என்று சொல்லாது.

இதைத்தான் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். மூன்று மாற்றம் செய்தோம். இலவசத்தை நிறுத்தினோம். எந்த உடுப்பானாலும் ஒரு வெள்ளி, பினாஃபோரும் நீளக்கால்சட்டையும் மூன்று வெள்ளி. கொண்டுவந்து தருகிறவருக்கு அந்தப் பணம் போகும். விலை கொடுத்தவருக்குத் தலை குனிய வேண்டியதில்லை; 'இது வேண்டாம், அதைக் காட்டுங்கள்' என்று சொல்லும் உரிமையும் வந்துவிடுகிறது. அடுத்து, பிள்ளைகள் இல்லாத மாலை நேரத்தில் பெரியவர்களை மட்டும் வரச் சொன்னோம். எல்லாவற்றிலும் முக்கியமானது மூன்றாவது. பக்கத்துத் தோட்டப் பள்ளியோடு பேசி, எங்கள் துணி அங்கே, அவர்கள் துணி இங்கே என்று மாற்றிக்கொண்டோம். பெயரையும் பள்ளிச் சின்னத்தையும் பிரித்தெடுத்து, ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்தால் தையல் துளை அடங்கிவிடும். பிறகு எந்தச் சட்டை எந்த வீட்டது என்று யாருக்குத் தெரியும்?

முதல் மாலை நான்கு பேர்தான் வந்தார்கள். அடுத்த தடவை பதினேழு பேர். செம்பனையில் வேலை செய்கிற ஒரு இந்தோனேசியப் பெண், ஊரில் அம்மாவிடம் விட்டு வந்த மகளுக்கென்று ஐந்து கவுன் எடுத்துப் போனார். மகளின் உயரத்தைத் தன் இடுப்பில் கை வைத்துக் காட்டி, சிறிது யோசித்து, கையை இன்னும் கொஞ்சம் மேலே உயர்த்தினார். அவர் மகளைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

இதனால் யாரும் பணக்காரர் ஆகிவிடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியானது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 150 வெள்ளி தொடக்க உதவித் தொகையும் 2023-இல் வருமானம் பாராமல் கொடுத்தார்கள். ஆனால் புதிய பினாஃபோர், வெள்ளைச் சட்டை, சப்பாத்து, பை என்று ஒரு பிள்ளைக்கே அந்த 150 வெள்ளி கரைந்துவிடுகிறது. மூன்று பிள்ளை உள்ள வீட்டில் ஐம்பது அறுபது வெள்ளி மிச்சம் என்றால் அது பத்து நாள் காய்கறி.

காலத்தையும் கவனிக்க வேண்டும், தாய்மார்களே! சில ஆண்டுகள் மார்ச்சில் தொடங்கிய பள்ளி, 2026-இல் மீண்டும் ஜனவரிக்கு வந்துவிட்டது. தீபாவளிச் செலவு முடிந்து மூச்சு விடுவதற்குள் சீருடைச் செலவு வந்து நிற்கும். ஆகவே பாவாடை, ஜிப்பா வகைகளைத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் பட்டணத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள், அப்போதுதான் கேட்பார்கள். சீருடையை ஆண்டு முடிவில் உங்கள் பள்ளியிலேயே கைமாற்றுங்கள். 2024 மார்ச்சிலிருந்து வாரத்தில் இரண்டு நாள்தான் சீருடை, மற்ற நாளில் விளையாட்டு உடையும் புறப்பாட உடையும் என்று ஆகியிருப்பதால் சீருடை முன்போல் நைந்துபோவதில்லை. விளையாட்டுச் சட்டைதான் இப்போது சீக்கிரம் தேய்கிறது. அதற்குக் கிராக்கி அதிகம். உள்ளாடை, சாயம் போன பனியன் இவற்றை விற்க நினைக்காதீர்கள். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

போன டிசம்பரில் நடந்த துணி மாலைக்கு, முன்பு பள்ளிக்கு வராமல் ஒளிந்த அந்தப் பிள்ளையின் தாய் வந்திருந்தார். மகள் இப்போது ஆறாம் ஆண்டு. அடுத்த ஆண்டு இடைநிலைப் பள்ளி. பினாஃபோர் நிறமே மாறிவிடும். ஐந்தாம் ஆண்டில் போட்டதைக் கொண்டுவந்திருந்தார். அடித்தையலை இரண்டு முறை இறக்கிவிட்ட கோடுகள் அதில் தெரிந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று அதைப் புரட்டிப் பார்த்தவர், எதிர் லயத்து அம்மா. அவருடைய கடைசிப் பெண் இப்போது மூன்றாம் ஆண்டு.

"ஒரே ஊருதானே, பரவால்லயா அக்கா?" என்று கொண்டுவந்தவர் கேட்டார்.

"யாருக்குடி தெரியப் போவுது? ஜிப்பு மட்டும் மாத்தணும்" என்று மூன்று வெள்ளியை எடுத்து நீட்டினார் மற்றவர்.

"ஜிப்பு போனதுக்கு ஒரு வெள்ளி கொறச்சுக்கோ" என்று இவர் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்.