ஷாம் 69: ஒற்றுமையைப் பாடிய பங்க் இசைக்குழுவை நிறவெறியர்கள் சூழ்ந்தது எப்படி?

பிரிட்டனின் உழைக்கும் வர்க்க இளைஞர்களின் குரலாக 1970களின் இறுதியில் எழுந்த இசைக்குழு ஷாம் 69. இனம், அணி என்ற பிரிவுகளைக் கடந்து இளைஞர்கள் ஒன்றுபட வேண்டும் எனப் பாடிய இக்குழுவின் மேடைகளையே தீவிர வலதுசாரிக் கும்பல்கள் கைப்பற்ற முயன்றன. புகழின் உச்சியில் இருந்த குழு சில ஆண்டுகளிலேயே கலைந்ததற்கு அந்த வன்முறை முக்கியக் காரணமாயிற்று. ரசிகர்களின் செயலுக்குக் கலைஞன் பொறுப்பாவானா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இன்றும் எடுத்துக்காட்டாகச் சுட்டப்படும் வரலாறு இது.

பெயர் வந்த கதை

லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே மாவட்டத்தில் உள்ள சிற்றூர் ஹெர்ஷாம். அங்கு பிறந்து வளர்ந்த ஜிம்மி பர்சி என்ற இளைஞரே குழுவின் பாடகர். உள்ளூர்க் கால்பந்து அணியான வால்டன் அண்ட் ஹெர்ஷாம் 1969இல் பெற்ற வெற்றியைக் கொண்டாடி, ரசிகர் ஒருவர் சுவரில் அணியின் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்திருந்தார். காலப்போக்கில் எழுத்துகள் அழிந்து, ஊர்ப் பெயரின் கடைசிப் பகுதியான 'ஷாம்' என்பதும் '69' என்ற எண்ணும் மட்டும் எஞ்சின. அதுவே குழுவின் பெயராயிற்று.

பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியிருந்த காலம் அது. படிப்பை முடித்து வெளியே வந்த இளைஞர்களின் கோபத்துக்குப் பங்க் இசை வடிகாலாக அமைந்தது. எனினும், தொடக்ககாலப் பங்க் குழுக்களுக்குப் பின்னால் கலைக் கல்லூரி மாணவர்களும் ஆடை வடிவமைப்பாளர்களும் இருந்தனர். ஷாம் 69 அவற்றிலிருந்து வேறுபட்டது. தெருவில் பேசும் கொச்சை மொழி, கால்பந்து மைதானத்தில் எழும் கூட்டு முழக்கம், அன்றாட வாழ்வின் சலிப்பு ஆகியவையே அதன் பாடல்களாயின.

தரவரிசையில் ஏற்றம்

குழுவின் முதல் இசைத்தட்டு 1977இல் வெளியானது. அதைத் தயாரித்தவர் 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' குழுவின் முன்னாள் உறுப்பினர் ஜான் கேல். அதன் பின்னர் பாலிடோர் நிறுவனம் குழுவை ஒப்பந்தம் செய்தது. கிதார் கலைஞர் டேவ் பார்சன்ஸுடன் இணைந்து பர்சி எழுதிய பாடல்கள் வரிசையாக வெற்றி பெற்றன.

1978இல் வெளியான 'இஃப் தி கிட்ஸ் ஆர் யுனைடெட்' பிரிட்டன் தரவரிசையில் 9ஆம் இடத்தையும், அதே ஆண்டின் 'ஹரி அப் ஹாரி' 10ஆம் இடத்தையும் பிடித்தன. சொந்த ஊரைப் பெருமையுடன் பாடிய 'ஹெர்ஷாம் பாய்ஸ்' 1979இல் 6ஆம் இடம் வரை ஏறியது. பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சி வாயிலாக நாடெங்கும் உள்ள வீடுகளுக்கு இக்குழு அறிமுகமானது.

மேடைக்கு முன் எழுந்த நிழல்

இதே காலத்தில் குடியேறிகளுக்கு எதிரான தேசிய முன்னணிக் கட்சி பிரிட்டனில் வலுப்பெற்று வந்தது. 1977இல் நடைபெற்ற பெருநகர லண்டன் மன்றத் தேர்தலில் அக்கட்சி சுமார் 1,19,000 வாக்குகளைப் பெற்றது. கால்பந்து மைதானங்களிலும் இசை அரங்குகளிலும் திரளும் வெள்ளையின இளைஞர்களை ஈர்க்க அக்கட்சியும், அதைவிடத் தீவிரமான பிரிட்டிஷ் இயக்கமும் முயன்றன. தலையை ஒட்ட மழித்த 'ஸ்கின்ஹெட்' இளைஞர்கள் பெருமளவில் கூடும் ஷாம் 69 நிகழ்ச்சிகள் அதற்கு ஏற்ற களமாகத் தெரிந்தன.

அரங்குகளில் நாஜி வணக்கங்களும் கைகலப்பும் பெருகின. அத்தகையோரை வெளிப்படையாக விரட்ட வேண்டும் எனப் பலர் வலியுறுத்தினர். பர்சி தயங்கினார். வழிதவறியவர்களைத் துரத்திவிட்டால் அவர்கள் முழுமையாக அக்கும்பல்களிடமே சென்றுவிடுவார்கள், உடன் வைத்துக்கொண்டு பேசினால் மனம் மாறலாம் என்பது அவரது நம்பிக்கை. இதனை மனிதநேயம் என்றனர் சிலர். வெகுளித்தனம் என்றனர் வேறு சிலர்.

ஆயினும் அவர் தமது நிலைப்பாட்டை மறைக்கவில்லை. 1978 ஏப்ரல் 30 அன்று 'ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்' அமைப்பும் நாஜி எதிர்ப்புக் கூட்டணியும் நடத்திய பேரணி, டிரஃபால்கர் சதுக்கத்தில் தொடங்கி கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்காவில் நிறைவடைந்தது. பல்லாயிரக்கணக்கானோர் திரண்ட அந்த மேடையில் 'தி கிளாஷ்' குழுவுடன் இணைந்து பர்சி பாடினார். அதன்பின் வலதுசாரிக் கும்பல்களின் சீற்றம் அவர் மீதே திரும்பியது.

1979இல் லண்டன் ரெயின்போ அரங்கில் நடைபெற்ற பிரியாவிடை நிகழ்ச்சியில் பிரிட்டிஷ் இயக்கத்தைச் சேர்ந்தோர் மேடையேறிக் கலவரத்தில் ஈடுபட்டனர். நிகழ்ச்சி பாதியில் முடிந்தது. 1980இல் 'தி கேம்' என்ற தொகுப்பை வெளியிட்ட பின் குழு கலைந்தது.

சவுத்தாலில் எரிந்த விடுதி

ஷாம் 69 வகுத்த பாதையில் 'ஓய்!' என்ற புதிய இசைப் பிரிவு உருவானது. 1981 ஜூலை 3 அன்று மேற்கு லண்டனின் சவுத்தாலில் உள்ள ஹாம்பரோ மதுவிடுதியில் அவ்வகையைச் சேர்ந்த மூன்று குழுக்களின் நிகழ்ச்சி ஏற்பாடானது. பஞ்சாபிலிருந்து குடியேறிய இந்தியர்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி சவுத்தால். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1979 ஏப்ரலில், தேசிய முன்னணியின் கூட்டத்தை எதிர்த்து அங்கு நடைபெற்ற போராட்டத்தில் ஆசிரியர் பிளேர் பீச் உயிரிழந்திருந்தார்.

இந்நிலையில் வெளியிலிருந்து வந்திறங்கிய ஸ்கின்ஹெட் இளைஞர்கள் சிலர் கடைகளைத் தாக்கியதும், உள்ளூர் ஆசிய இளைஞர்கள் விடுதியைச் சூழ்ந்தனர். அன்றிரவு விடுதி தீக்கிரையானது. தாங்கள் நிறவெறியர்கள் அல்லர் என அக்குழுக்கள் மறுத்தபோதும், அவ்விசை மீது படிந்த கறை எளிதில் அகலவில்லை. இந்நிகழ்ச்சியில் ஷாம் 69 பங்கேற்கவில்லை. எனினும், முன்னோடி என்ற முறையில் அதன் பெயரும் விவாதத்தில் இழுக்கப்பட்டது.

இன்றைய மதிப்பீடு

1980களின் பிற்பகுதியில் குழு மீண்டும் கூடியது. ஒற்றுமையை வலியுறுத்தும் அதன் பாடல் 2005இல் தொழிற்கட்சி மாநாட்டில் பிரதமர் டோனி பிளேர் மேடைக்கு வந்தபோது ஒலித்தது. ஒரு காலத்தில் அரங்க உரிமையாளர்கள் அஞ்சிய குழுவின் பாடல், ஆளுங்கட்சியின் வரவேற்பு இசையானது. பின்னாளில் உறுப்பினர்களிடையே எழுந்த பிணக்கால் ஒரே பெயரில் இரு அணிகள் இயங்கும் நிலையும் ஏற்பட்டது.

ஷாம் 69இன் பாடல்களில் இன வெறுப்புக்கு இடம் இருந்ததில்லை. அதைக் கேட்க வந்தவர்களில் ஒரு பகுதியினரே குழுவின் பெயரைக் கெடுத்தனர். அவர்களையும் மனம் திருப்பிவிடலாம் என்ற பர்சியின் முயற்சி மேடையில் தோற்றது. ஆனால், தேசிய முன்னணியும் வெல்லவில்லை. 1979 பொதுத்தேர்தலில் 300க்கும் மேற்பட்ட தொகுதிகளில் போட்டியிட்ட அக்கட்சி ஓரிடத்தில்கூட வெற்றி பெறாமல் அனைத்திலும் வைப்புத்தொகையை இழந்தது.