ஸ்டியரிங் வீலை மாற்றும் முன்

காரை ரேஸ் கார் போல ஆக்க நினைப்பவர்கள் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று ஸ்டியரிங் வீல். எஞ்சினைத் தொட்டால் செலவு எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. சஸ்பென்ஷனை மாற்றினால் வீட்டார் முதுகுவலி என்பார்கள். ஸ்டியரிங்கோ நடுவில் ஒரு நட், சக்கரத்தைத் தண்டோடு இணைக்க இடையில் ஒரு பாஸ் கிட், அரை நாள் வேலை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் 3ஆம் இடம் பிடித்ததிலிருந்து, பந்தய கார்களின் உட்புறப் படங்களை ஆர்வமாகப் பார்க்கும் இளைஞர்கள் மதுரையிலும் நிறைய. அந்தப் படங்களில் தெரியும் சிறிய, கீழ்ப்பக்கம் தட்டையான சக்கரம் நம் ஸ்விஃப்டிலும் ஐ20யிலும் இருந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் அந்தச் சக்கரம் ஏன் அந்த அளவில், அந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்தால், மதுரை செல்லூர் தெருவில் ஓடும் காருக்கு அது ஏன் பொருந்தாது என்பதும் சேர்ந்தே புரியும். ஸ்டியரிங் வீல் தனியாக வாங்கி மாட்டும் அலங்காரப் பொருள் அல்ல. டயரில் தொடங்கி ஓட்டுபவரின் நெஞ்செலும்பு வரை நீளும் ஓர் அமைப்பின் கடைசிக் கண்ணி அது. அந்த அமைப்பை வைத்துத்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் அளவு. சக்கரத்தைத் திருப்புவது முறுக்குவிசை. நம் கை கொடுக்கும் விசையைச் சக்கரத்தின் ஆரத்தால் பெருக்கினால் கிடைப்பது அது. 37 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தில் 10 கிலோ விசை கொடுத்துத் திருப்பிய வளைவை, 32 செ.மீ. சக்கரத்தில் திருப்ப 11.6 கிலோ வேண்டும். கை நகரும் தூரம் அதே விகிதத்தில் குறைகிறது: முழுச்சுற்றுக்கு 116 செ.மீ. நகர்ந்த கை இப்போது 100 செ.மீ.தான் நகர்கிறது. சின்ன வீல் போட்டதும் கார் 'ஷார்ப்' ஆகிவிட்டது என்று தோன்றுவது இதனால்தான். உண்மையில் ஸ்டியரிங் விகிதம் துளியும் மாறவில்லை. சக்கரம் எத்தனை டிகிரி திரும்பினால் டயர் எத்தனை டிகிரி திரும்பும் என்பதை முடிவு செய்வது கீழே இருக்கும் ரேக்கும் பினியனும்தான். பந்தயத்தடத்தில் ஓட்டுபவர் பெரும்பாலான வளைவுகளில் பிடித்த கையை எடுக்காமலே திரும்பிவிடுகிறார். அவருக்குச் சிறிய சக்கரம் உதவுகிறது. செல்லூரில் தறிச்சத்தம் கேட்கும் குறுக்குத்தெருக்களில் நிலைமை நேர்மாறு. எதிரே சரக்கு ஆட்டோ வந்தால் பின்னால் எடுத்து, முழுதாக ஒடித்து, மறுபடி முன்னால் எடுக்க வேண்டும். டயர் உருளாமல் நின்ற இடத்திலேயே திரும்பும்போதுதான் தரையின் உராய்வு உச்சத்தில் இருக்கும். விசை அதிகம் தேவைப்படும் அந்த நேரத்திலேயே சிறிய சக்கரம் நம்மிடம் கூடுதலாகக் கேட்கிறது.

பவர் ஸ்டியரிங் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கில் தண்டுக்குள் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. நாம் திருப்பும்போது அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதை சென்சார் அளந்து, அதற்கேற்ப மோட்டார் உதவுகிறது. அது அளப்பது முறுக்குவிசையை. மேலே இருக்கும் சக்கரம் பெரிதா சிறிதா என்பது அதற்குத் தெரியாது. எனவே கை கொடுக்க வேண்டிய மொத்த விசை குறைந்தாலும், சிறிய சக்கரத்துக்கான 16 சதவீதக் கூடுதல் அப்படியே நிற்கிறது. இன்னொன்று நிலைமத் திருப்புத்திறன். எடை ஒன்றாக இருந்தாலும் விட்டம் 37லிருந்து 32 ஆகும்போது அது கால் பங்கு குறைகிறது. கனமான விளிம்பு சாலையின் அதிர்வை ஓரளவு விழுங்கிவிடும். இலேசான விளிம்பு ஒவ்வொரு குழியையும் கைக்கு அனுப்பும். தடத்தில் அது டயரின் பிடியைச் சொல்லும் தகவல். நம் சாலையில் பெரும்பாலும் மணிக்கட்டுக்கு வலிதான். கீழே தட்டையாக வெட்டப்பட்ட வடிவமும் இப்படியே: குறுகிய காக்பிட்டில் தொடை இடிக்காமல் இருக்கவும் ஏறி இறங்கவும் உதவுவது அது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டரை, மூன்று சுற்று திருப்ப வேண்டிய தெருக்காரில், கைக்குள் வழுக்கி ஓடும் விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மூலையில் தட்டும். ஸ்வேட் தோல் போர்த்திய சக்கரம் கையுறைக்காகச் செய்தது. மதுரை வெயிலில் வெறுங்கை வியர்வை பட்டால் அது சீக்கிரமே பளபளத்து வழுக்கத் தொடங்கும்.

இவையெல்லாம் வசதி சார்ந்தவை. பொறுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது. பொறுத்துக்கொள்ள முடியாதது ஏர்பேக். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அதன்பின் வந்த காரில் வெளிச்சந்தை ஸ்டியரிங் மாட்டுவது என்றால், அநேகமாக ஏர்பேக்கைக் கழற்றி வைப்பது என்றே பொருள். நேர்மோதலில் நடப்பதைப் பாருங்கள். மோதிய சில மில்லிவினாடிகளில் கணினி முடிவெடுக்கிறது. ஏறத்தாழ 30 மில்லிவினாடியில் 50, 60 லிட்டர் கொள்ளளவுள்ள பை விரிந்துவிடுகிறது. ஓட்டுநரின் நெஞ்சு முன்னால் வந்து சேரும்போது பை நிரம்பி, பின்பக்கத் துளைகள் வழியே காற்றை விட்டபடி அவரைத் தாங்குகிறது. அதற்குள் சீட் பெல்ட்டும் தன் வேலையைத் தொடங்கியிருக்கும். பலரும் கவனிக்காத செய்தி இங்கேதான் இருக்கிறது: பல புதிய கார்களில் பெல்ட் கடைசிவரை இறுகப் பிடிப்பதில்லை. இழுவிசை ஏறத்தாழ 4,000 முதல் 6,000 நியூட்டன் வரை போனதும், விலா எலும்பு முறியாமல் இருக்க வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். முன்னால் ஏர்பேக் இருக்கிறது என்ற நம்பிக்கையில் பெல்ட் விட்டுக்கொடுக்கிறது. அந்த இடத்தில் அலுமினியக் கம்பியும் ஹாரன் பட்டனும் இருந்தால், பெல்ட் நம்மை அவற்றின் மேல்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் இருக்கும் உடல் 60 செ.மீ. தூரத்தில் நின்றால், புவியீர்ப்பைப் போல 16 மடங்கு முடுக்கத்தைத் தாங்குகிறது. அதே வேகம் 5 செ.மீ.க்குள் அடங்க நேர்ந்தால் அது ஏறத்தாழ 200 மடங்கு. வாகனப் பாதுகாப்புப் பொறியியல் முழுவதும் அந்த நிற்கும் தூரத்தைச் சேர்க்கும் முயற்சிதான்.

ரேஸ் டிரைவர்களுக்கு ஏர்பேக் இல்லையே என்பது அடிக்கடி எழும் மறுப்பு, நியாயமான கேள்விதான். இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓடும் பந்தய கார்களில் ஏர்பேக் இல்லை. அதற்குப் பதிலாக ஐந்து அல்லது ஆறு முனைப் பெல்ட் இரு தோள்களையும் இடுப்பையும் இருக்கையோடு சேர்த்துக் கட்டுகிறது. ஹெல்மெட் இருக்கிறது. ஃபார்முலா ஒன்னில் 2003இல் கட்டாயமாகி, பிறகு மற்றப் பந்தயங்களுக்கும் பரவிய ஹான்ஸ் என்ற கருவி தலை முன்னால் சாடாமல் கழுத்தைக் காக்கிறது. சுற்றிலும் உருக்குக் குழாய்க் கூண்டு. இத்தனையும் சேர்ந்து ஓட்டுநரின் உடலைச் சக்கரத்தின் அருகேகூட வரவிடாமல் தடுப்பதால்தான் அங்கே வெறும் சக்கரம் போதுமானதாகிறது. அவற்றை விட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் எடுத்துவந்தால், இரண்டு அமைப்பிலும் சேராத ஒரு கார்தான் மிஞ்சும்.

ஊருக்குள் 30, 40 தாண்டுவதில்லை என்பது அடுத்த மறுப்பு. செல்லூர் கபடி ரவுண்டானாவைச் சுற்றும்வரை அது உண்மை. ஆனால் தல்லாகுளத்தில் ஏறினால் 2023 ஏப்ரலில் திறந்த 7.3 கி.மீ. நத்தம் மேம்பாலம், அந்தப் பக்கம் திண்டுக்கல் நான்குவழிச் சாலை. ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங் ஆசைப்படுபவர் அங்கே 40இல் போகப்போவதில்லை. ஏர்பேக்கே ஆளைக் கொன்றிருக்கிறதே என்பவர்கள் ஏர்பேக் தயாரித்த டகாட்டா நிறுவனத்தின் கதையைச் சொல்வார்கள். அதுவும் உண்மை: அம்மோனியம் நைட்ரேட் எரிபொருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, உலோகத் துண்டுகள் தெறித்தன; உலகெங்கும் சுமார் 10 கோடி பாகங்கள் திரும்பப் பெறப்பட்டன. நம் தட்பவெப்பத்தில் இருப்பவர்கள் தங்கள் கார் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, இருந்தால் சர்வீஸ் சென்டரில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் மதிப்பீட்டில், 1987 முதல் 2017 வரை அந்நாட்டில் மட்டும் முன்பக்க ஏர்பேக்குகள் 50,457 உயிர்களைக் காத்திருக்கின்றன. பழுதானதை மாற்ற வேண்டும் என்பதற்கு டகாட்டா சான்று; கழற்றிப் போடலாம் என்பதற்கு அல்ல. இதில் மிக மோசமான வழக்கம், எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க ஏர்பேக் இணைப்பில் இரண்டு, மூன்று ஓம் ரெசிஸ்டரைச் சொருகுவது. அதோடு விளக்கு அணைந்துவிடும். பின்னாளில் அந்தக் காரை வாங்கும் குடும்பத்துக்கு அங்கே பை இல்லை என்று தெரியவே தெரியாது.

ஆகவே ஏர்பேக் உள்ள காருக்கு என் பதில் சுருக்கமானது: மாற்றாதீர்கள். அதே மாடலின் உயர்ந்த வேரியண்ட்டில் ஏர்பேக்கோடு வரும் தோல் தைத்த ஸ்டியரிங் இருந்தால், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் உங்கள் காருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். இல்லையென்றால், இருக்கிற சக்கரத்தின் விளிம்புக்கு மட்டும் நல்ல தோல் தைத்துக்கொள்ளலாம். நடு மூடியின் மேல் எதையும் ஒட்டக் கூடாது. கையில் படுவது விளிம்புதான் என்பதால், ஆசையின் பெரும்பகுதி அதிலேயே நிறைவேறிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தம், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஜிப்ஸி, பத்மினி, கான்டெஸா, ஸென் வைத்திருப்பவர்களின் கதை வேறு. ஏர்பேக்கே இல்லாத காரில் இழப்பதற்கு அது இல்லை. வெடித்துப்போன பழைய பிளாஸ்டிக் விளிம்பை விட நல்ல சக்கரம் முன்னேற்றமாகவே இருக்கும். இங்கே பார்க்க வேண்டியது பிராண்ட் பெயரை அல்ல, மோதினால் மடங்கிக்கொடுக்கும் தன்மையை. ஐ.நா. வாகன விதி எண் 12இன் சோதனையில், மனித உடற்பகுதி போன்ற கட்டையை மணிக்கு 24.1 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங்கில் மோதவிடுகிறார்கள். அதன்மேல் விழும் விசை 11,110 நியூட்டனைத் தாண்டக் கூடாது. வார்ப்பு அலுமினியத்தில் செய்த டூப்ளிகேட் எதுவும் இப்படி மடங்கும் என்று நம்ப முடியாது. அது உடைந்து கூர்முனையாகும். மோதினால் நசுங்கும்படி செய்த பாஸ் கிட்டும் கிடைக்கிறது. விலை கூடினாலும் அதையே வாங்க வேண்டும். மோமோ, ஸ்பார்க்கோ சக்கரங்களின் ஆறு துளைகள் 70 மி.மீ. வட்டத்தில், நார்டியின் துளைகள் 74 மி.மீ. வட்டத்தில், ஒன்றுக்கான பாஸில் மற்றதை மாட்டத் துளையை இழுத்துப் பெரிதாக்கும் வேலையை அனுமதிக்காதீர்கள். 'டீப் டிஷ்' சக்கரம் விளிம்பை ஓட்டுநரை நோக்கிக் கொண்டுவரும். முதுகு இருக்கையில் படிந்திருக்கும்போது நீட்டிய மணிக்கட்டு விளிம்பின் மேல் அமர வேண்டும், நெஞ்சுக்கும் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும், அதற்குமேல் நெருங்கினால் டிஷ் இல்லாத தட்டையான சக்கரமே மேல். பவர் ஸ்டியரிங் இல்லாத காரில் 36 செ.மீ.க்குக் கீழே போக வேண்டாம். ஸ்பீடோமீட்டர் மறைகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள்.

இத்தனைக்கும் முன்னால் பழைய காரில் பார்க்க வேண்டியது ஸ்டியரிங் 'பிளே'. மத்திய மோட்டார் வாகன விதிகள் ஸ்டியரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது என்கின்றன. நல்ல நிலையில் உள்ள ரேக்கில் அதில் சிறு பங்குகூட இருக்காது. டை ராட் எண்ட், ரேக் புஷ், தண்டின் ஜாயின்ட் தேய்ந்திருந்தால், எந்தச் சக்கரம் போட்டாலும் நேர்ச்சாலையில் கார் அலையும். இந்த உதிரிபாகங்களைத் தமிழ்நாட்டிலேயே சென்னையின் ரானே குழுமம் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. விலையும் வெளிநாட்டுச் சக்கரத்தின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. புது வீலுக்காக எடுத்துவைத்த பணத்தில் முதல் பங்கு அதற்கும், அடுத்தது வீல் அலைன்மென்ட்டுக்கும் போகட்டும். பிறகு ஒரு வாரம் பழைய சக்கரத்தோடே ஓட்டிப் பார்த்து, அப்போதும் கைக்குப் பிடிக்கவில்லை என்றால் மட்டும் புதிதை வாங்கப் போகலாம்.