சபா மேடையின் சிரிப்பு

மும்பையில் தமிழ்ச் சிரிப்பு நாடகம் என்றால் பெரும்பாலும் சென்னைக் குழுக்கள் வந்து போடும் சபா நாடகம்தான். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய தமிழர்கள் கச்சேரிக்காக வளர்த்த சபாக்களே நாடகத்துக்கும் இடம் கொடுத்தன. 1952-இல் தொடங்கிய ஷண்முகானந்த சபாவின் அரங்கம் மாட்டுங்காவை ஒட்டி இருக்கிறது. 1990-இல் தீ விபத்துக்கு உள்ளாகி 1998-இல் மீண்டும் திறக்கப்பட்ட அந்த அரங்கில் சுமார் 2,700 இருக்கைகள். செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் அரங்கம் அதைவிடச் சிறியது. சிரிப்பு நாடகத்துக்குச் சிறிய அரங்கமே பொருத்தம். நடிகரின் புருவம் உயர்வது கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும்.

இந்தச் சபா நாடக மரபுக்கு வித்திட்டவர் பம்மல் சம்பந்த முதலியார். பாட்டே நாடகமாக இருந்த காலத்தில், 1891-இல் அவர் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபாவில் படித்த உத்தியோகஸ்தர்கள் வேஷம் கட்டினார்கள். எசமான், வேலைக்காரன் இருவருக்கும் ஒரே பெயர் வைத்து அவர் எழுதிய 'சபாபதி' 1941-இல் படமாக வந்தது. 1968-இல் சோ 'முகமது பின் துக்ளக்' மூலம் அரசியல் நையாண்டியை மேடையேற்றினார். 1976-இல் எஸ்.வி.சேகரின் குழுவுக்காக மோகன் எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' அவருக்கு 'கிரேஸி' என்ற பெயரையும் வாங்கிக் கொடுத்தது. 1979-இல் அவர் தொடங்கிய சொந்தக் குழுவின் நாடகங்களில் மாது, ஜானகி என்ற பாத்திரங்கள் திரும்பத் திரும்ப வந்தன.

திரை விலகினால் அநேகமாக ஒரு வீட்டுக் கூடம்: சோபா, வாசல் கதவு, சமையலறைக்குப் போகும் வழி. ஊர் ஊராகத் தூக்கிப் போக இது வசதி. கதையை நகர்த்துவதும் அந்த வழிகள்தான். ஒருவர் உள்ளே மறைந்ததும் அவர் சந்திக்கவே கூடாத ஆள் வாசலில் நிற்பார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் பிறக்கும், ஆள் மாறாட்டம் நடக்கும்.

இத்தகைய நாடகத்தில் நடிகருக்குக் கடினமான வேலை காத்திருப்பது. சிரிப்பு எழுந்து அடங்கத் தொடங்கும் அந்த நொடியில் அடுத்த வசனம் விழ வேண்டும். முந்தினால் யாருக்கும் கேட்காது. பிந்தினால் காட்சி தொய்ந்துவிடும். ஒவ்வொரு ஊரிலும் சிரிப்பின் நீளம் வேறு என்பதால் ஒத்திகையில் இதை முழுதாகப் பழக முடியாது. அந்த இடைவெளியில் நடிகர் சும்மா நிற்கவும் முடியாது. மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், மாமனாரை முறைப்பார், சொல்ல வந்ததை விழுங்குவார். பேச்சையே நம்பிய நாடகத்தில் பேசாத நடிப்புக்குக் கிடைக்கும் இடம் இது.

இந்தச் சிரிப்பு நாடகங்களை 'துணுக்குத் தோரணம்' என்று விமர்சகர்கள் ஒதுக்குவதுண்டு. கதை மெலிந்த நாடகங்களைப் பொறுத்தவரை அது நியாயமான குற்றச்சாட்டே. ஆனால் இரண்டு மணி நேரம் ஓர் அரங்கத்தைச் சிரிக்க வைக்கும் தொழில்நுட்பம் எளிதல்ல. உண்மையான குறை வேறொன்று. மேடையில் கேட்பது நடுத்தர வர்க்க வீட்டுப் பேச்சு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் உழைக்கும் குடும்பங்களின் பேச்சு அங்கே அரிதாகவே ஒலித்திருக்கிறது. செம்பூர் வரை வரும் குழுக்களைச் சபாக்கள் ஒரு மாலையாவது தாராவிக்கும் அழைத்துப் போக வேண்டும். அந்த மக்களின் பேச்சில் எழுதும் நாடக ஆசிரியர்களுக்கும் மேடை தர வேண்டும்.